கர்ப்பிணிகளும் ஸிகா நோயும்

மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் 1897-இல் கண்டது நம் சிகந்தராபாத்தில்தான். ஆயினும் கொசுவை நாம் இன்னும் அற்பமாகவே எண்ணுகிறோம்! ஸிகா நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலிலே கடிப்பது.

கேரளத்தில் 2021 ஜூலையில் இந்நோய் முதன்முதல் உறுதியானது ஒரு கர்ப்பிணிக்கே. 2024-இல் புனேயிலும் கர்ப்பிணிகள் பலர் பீடிக்கப்படவே, அவர்களைச் சோதித்துக் கருவின் வளர்ச்சியைக் கண்காணிக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைப் பணித்தது.

காய்ச்சலும் தடிப்பும் கண்டால் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படும்; நோய் உறுதியாயின் சிசுவின் தலை வளர்ச்சியை அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்பர். தனி மருந்து இல்லை. மருத்துவருக்குக் கடினமானது அதன்பின் பேச வேண்டிய பேச்சே. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, நோயுற்ற தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரைதான் பாதிக்கப்படுகின்றன. எனினும் இன்றைய ஸ்கேனில் காணாத குறை பின்னர்த் தென்படலாம். ஆகவே 'ஒன்றுமில்லை' என்று உறுதியளிக்கவும் இயலாது, அச்சுறுத்தவும் ஆகாது.

கணவர்வழியும் நோய் தொற்றும். மாமியார் முன்னிலையில் இதைப் பேச நாணுவது நம் இல்லங்களின் வழக்கம். தம்பதியரைத் தனியே அழைத்துச் சொல்லும் மருத்துவரே விவேகி. வளைகாப்பு முடிந்து பிறந்தகம் புறப்படும் சகோதரிகள், எவ்வூர் செல்கிறோம் என்பதை அவரிடம் முன்னரே கூறிவிடுக. அங்கே ஸிகா பரவியிருப்பின் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லக்கூடும்.