மேடைக் கல் – 9: குருந்தம்

கடப்பாக் கல்லையும் பளிங்கையும் புளியும் எலுமிச்சையும் எப்படி அரிக்கும் என்று போன வாரம் பார்த்தோம். இரண்டும் சுண்ணாம்புச் சாதி என்பது நினைவிருந்தால் போதும்.

இந்த வாரம் சமையல் மேடையின் விளிம்பைப் பற்றி, அதாவது மோல்டிங்கைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை அவிநாசி சாலையோரம் இருக்கும் ஒரு கிரானைட் பட்டறைக்குப் போனேன். போன இடத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக அதிலிருந்து வெளியே வரவில்லை.

விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். முழங்கை வரை கல் பால் வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைர பேடுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்: 50, 100, 200, 400, 800, 1500, 3000. எண் ஏற ஏற நயம் கூடும். மெஷினை நிறுத்திவிட்டு, உள் மூலையைத் தேய்க்க மடியிலிருந்து எடுத்த கட்டியைப் பார்த்துத்தான் நின்றுவிட்டேன். செங்கல்லில் பாதி அளவு, கறுப்பு. ஒரு பக்கம் தேய்ந்து பழஞ்செருப்பின் குதிகால் போலச் சாய்ந்திருந்தது.

“இது என்னங்கண்ணா?”

“இதுங்களா? கார்போரண்டங்க. மொசைக் போட்ட காலத்துக் கல்லு. மிசினு போகாத சந்துக்கு இன்னைக்கும் இதுதானுங்க.”

கார்போரண்டம் என்ற பெயரைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஊரில் எந்தக் கொத்தனாரும் சொல்வார். அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. 1890-களில் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சார உலையில் காய்ச்சியபோது கண்ணாடியைக் கீறும் மணிகள் கிடைத்தன. கரியும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்துக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் சேர்ந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. சரி, அந்தக் கொரண்டம் எங்கிருந்து வந்தது? ஆங்கில அகராதியைத் திறந்தால் நேராகத் தமிழைக் காட்டுகிறது: குருந்தம்.

மிகக் கடினமான கனிமங்களில் ஒன்று அது. கடினத்தை அளக்கும் மோஸ் வரிசையில் வைரம் 10, குருந்தம் 9. சிவப்பாகப் பிறந்தால் மாணிக்கம், நீலமாகப் பிறந்தால் நீலக்கல். நிறமும் ஒளியும் இல்லாமல் பிறந்தது சாணைக்குப் போகும். அதை இடித்துப் பொடித்து, அரக்கோடு உருக்கிச் சேர்த்துச் சக்கரமாக வார்ப்பார்கள். மணி தேய்ப்பவருக்கும் கத்தி தீட்டுபவருக்கும் அதுதான் சாணை. சார்லஸ் கிரெவில் என்ற பிரிட்டிஷ் கனிமச் சேகரிப்பாளர் இந்தக் கல்லைப் பற்றி 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தனிக் கட்டுரையே எழுதினார். ஐரோப்பியக் கனிம நூல்களில் இந்தப் பெயர் காலூன்றியது அந்தக் காலத்தில்தான். சென்னையில் முருகப்பா குழுமம் 1954-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் கார்போரண்டம் யுனிவர்சல். அந்தப் பெயருக்குள்ளும் குருந்தம் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மேல்தான் எனக்குத் தூக்கம் போனது. குருந்தம் எங்கே கிடைத்தது என்று தேடினால், காங்கேயத்தை அடுத்த நம் சிவன்மலை! புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1901-இல் சிவன்மலைப் பாறைகளுக்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். குருந்தம் கலந்த பாறை என்பது அதன் தலைப்பிலேயே வருகிறது. அதே காங்கேயம் பக்கத்துப் படியூரில் கடல்நீல நிற அக்வாமரின் கல். நொய்யலின் வடகரையில் கொடுமணல். சங்க காலத்தில் கல்மணி கோத்த ஊர், அகழ்ந்த குழிகளில் நீலக்கல்லும் கிடைத்தது. ஒரு நாளில் பைக்கில் சுற்றிவந்துவிடலாம், இந்த மூன்று ஊரையும்.

சிவன்மலைக்கு அம்மாவோடு எத்தனையோ முறை படியேறியிருக்கிறேன். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். சாமியிடம் பூ கேட்டு உறுதி செய்துகொண்டு அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். மண் இருந்தால் நிலம் பற்றி ஏதோ, தண்ணீர் இருந்தால் மழை பற்றி ஏதோ என்று ஊர் பேசும். இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கும் அவசரத்தில், காலுக்குக் கீழே இருந்த பாறையை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அந்தப் பாறையின் விசேஷம் குருந்தம் மட்டுமல்ல. அந்த மலையின் பெரும்பகுதிப் பாறையில் குவார்ட்ஸ் கிடையாது. இது மேடைக் கல் வாங்குகிறவருக்கு நேரடியாக வேண்டிய செய்தி. புவியியல்காரர் கிரானைட் என்றால் குவார்ட்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும். கடைக்காரருக்கு, பாலிஷ் ஏறும் கெட்டிக் கல் எல்லாமே கிரானைட். கறுப்புக் கிரானைட் என்று விற்பதில் பெரும்பாலானது டோலரைட் போன்ற வேறு குடும்பக் கல். நார்வேயிலிருந்து வரும் புளூ பேர்லிலும் குவார்ட்ஸ் ஏறக்குறைய இல்லை. காஷ்மீர் ஒயிட்டுக்கும் காஷ்மீருக்கும் சம்பந்தமே இல்லை. நம் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள். அதிலிருக்கும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட். அது தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாகவே குடிக்கும். சிங்க் ஓரத்தில் நாளடைவில் மஞ்சள் பூப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் கெட்ட கல் என்று சொல்லவில்லை. கறுப்பு டோலரைட் போல உழைக்கும் மேடை குறைவு. பெயரை நம்பி வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எடுக்கப்போகும் அதே ஸ்லாபிலிருந்து கை அளவு துண்டு ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள். இரவு அதன்மேல் எலுமிச்சைச் சாறு, இன்னொரு மூலையில் நல்லெண்ணெய், மற்றொன்றில் தண்ணீர். காலையில் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கறுப்புக் கல் என்றால் அசிட்டோன் நனைத்த பஞ்சால் அழுத்தித் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் சாயம் பூசியிருக்கிறார்கள். அந்த ஸ்லாபை விட்டுவிடுங்கள்.

பாலிஷுக்கு வருகிறேன். கல்லின் மேல் ஏதோ பூசுகிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். தேய்ப்புதான் பாலிஷ். 50-ஆம் பேடு போட்ட கீறலை 100 அழிக்கும், தன் கீறலை விட்டுவைக்கும். அதை 200 அழிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீறல் சிறுத்தபின் கல் மின்னுகிறது. நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால் அந்தக் கீறல் கல்லிலேயே தங்கிவிடும். எங்கள் வீட்டு மேடையில் சிங்க் பக்கம் ஒரு முழ நீளத்துக்கு மங்கல் இருக்கிறது. எண்ணெய்க் கறை என்று பதினோரு வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் என் மனைவி. பெரியவரிடம் போட்டோவைக் காட்டினேன்.

“எரநூறுலருந்து எண்ணூறுக்குத் தாவியிருக்காங்க. நானூறு போடலீங்க. தொடச்சா எப்படிங்க போகும்?”

எழுந்து வந்து, சாய்த்து வைத்திருந்த ஸ்லாபின் பக்கவாட்டில் என்னைக் குனிய வைத்தார். கல்லில் டியூப்லைட் நீளக் கோடாக விழுந்திருந்தது. “கோடு கத்தி வெச்சு வெட்டுன மாதிரி நேரா இருக்கோணும். நெளிஞ்சா தேய்ப்பு ஒட்டுக்கா இல்லைன்னு அர்த்தம். நடுவுல பொடிப்பொடியா கருப்பு விழுந்தா மைக்கா உதிர்ந்த குழி. அரிசி மாவு போயி ஒக்காந்துக்கும், அம்மணிகளுக்குத்தான் சிரமம்.” குவார்ட்ஸின் கடினம் 7, பெல்ட்ஸ்பார் 6, மைக்கா 3-ஐ ஒட்டித்தான் நிற்கும். மூன்றையும் ஒரே பேடு தேய்க்கிறது, மென்மையானது உதிர்கிறது. மினுமினுப்பு அதிகம் என்று ஆசைப்பட்டு வாங்கும் கல்லில் இந்தக் குழிகளும் அதிகம் என்பதை அவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன்.

பேசிக்கொண்டே இருந்தாலும் தண்ணீர்க் குழாயை அவர் மூடவே இல்லை. உலர்ந்த கல்லை அறுத்தால் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கும், தங்கியது திரும்பாது. உங்கள் வீட்டுக்கே வந்து சிங்க் ஓட்டை போடுகிறவர்களிடம் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். சமையலறை சகதியாகும், ஆகட்டும்.

குருந்தம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் உண்டு. அங்கே அதோடு கிடக்கும் வெளிறிய கல்லைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயானுக்கு நிலவு மண் செய்து ஊர்தியை ஓட்டிப் பார்த்தது. அதையும் எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

விளிம்பு அடுத்த வாரம். பொள்ளாச்சியில் ஒரு வீட்டுக்கு ஒன்பதடி மேடை போகிறது, அரைவட்ட விளிம்பு பெரியவர் கையால். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்தக் கறுப்புக் கட்டியை ஒருமுறை தேய்த்துப் பார்க்கத் தருகிறேன் என்றும் சொன்னார்.

(தொடரும்)