கமக்காரர் அமைப்புக்குச் சொந்தமான கணினி உதவியாளர் குழு

ஒரு போகத்தில் கமக்காரருக்கு எழும் ஐயங்கள் பல. எவ்வினத்தை விதைப்பது, பசளையை எப்போது இடுவது, கத்தரி வாடுவதற்குக் காரணம் யாது, வாய்க்கால் திருத்தத்திற்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என்பன அவற்றுட் சில. விவசாயப் போதனாசிரியர் பல கிராமங்களுக்குப் பொறுப்பானவர். எல்லா வினாவுக்கும் அவர் உடனே விடையளித்தல் இயலாது. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், பலர் கைத்தொலைபேசி மூலம் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் வினவி வருகின்றனர். அத்தகைய உதவியாளரை அமைப்பின் சொந்தக் கணினியில் நிறுவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிலைப் பிரித்துக் கொடுக்கும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

பொது உதவியாளரின் குறைபாடு

இவ்வுதவியாளருக்கு அடிப்படையாயுள்ளது மொழி மாதிரி எனப்படும். அது பல நாடுகளிலும் பல காலங்களிலும் எழுதப்பட்டவற்றைக் கொண்டு பயிற்றப்பட்டது. ஆதலின் பழையதும் புதியதும் அதனுள் கலந்துள்ளன. பராகுவாட் என்னும் களைநாசினி இலங்கையில் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டது. எனினும் களைக்கு மருந்து கேட்டால் அதனையே கூறும் விடை வரக்கூடும். நாம் கபிலநிறத் தத்தி என்பதைத் தமிழ்நாட்டார் புகையான் என்பர். இச்சொல் வேறுபாட்டாலும் விடை பிழைக்கலாம். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஹெக்டேயருக்குரிய மருந்தளவை ஏக்கருக்கு இட்டால் பயிரும் தெளிப்பவரும் உண்பவரும் தீங்குறுவர். பிழையான விடையும் சரியான விடை போலவே தெளிவாக எழுதப்பட்டு வரும் என்பதை மறத்தலாகாது.

குழு என்பது யாது?

நான்கு உதவியாளருக்கு நான்கு கணினிகள் வேண்டியதில்லை. ஒரே மாதிரிக்கு நான்கு கட்டளைத்தாள்களையும் நான்கு ஏட்டுக் கோவைகளையும் தனித்தனியே கொடுத்தலே குழு அமைத்தலாகும். ஆரம்பத்திற்குப் பின்வருவன போதும்:

1. நெற்செய்கை உதவியாளர்: இனங்கள், பசளை அட்டவணை, நீர் முகாமை பற்றிய திணைக்கள வெளியீடுகள்.
2. மரக்கறி உதவியாளர்: நாற்றுமேடை, இடைவெளி, நோய்கள் பற்றிய வெளியீடுகள்.
3. பீடைநாசினி உதவியாளர்: நடைமுறையிலுள்ள விதந்துரைகளும் பதிவுபெற்ற மருந்துகளின் சுட்டுத்துண்டு விபரங்களும் மாத்திரம்.
4. எழுத்தர்: கூட்டக் குறிப்பு, கடிதம், விண்ணப்பம் ஆகியவற்றின் மாதிரிகள்.

வினா கேட்கப்பட்டதும் கணினி உரிய கோவையிலிருந்து பொருத்தமான பகுதிகளை எடுத்து மாதிரிக்குக் கொடுக்கும். மாதிரி அவற்றைக் கொண்டு விடை எழுதும். சிறிய மாதிரிகள் நீண்ட கட்டளைகளாலும் பலவகை ஏடுகளாலும் எளிதில் குழம்புவன. தொழிலைப் பிரித்தால் குழப்பம் குறையும். பிழை கண்டவிடத்து எந்தக் கோவையைத் திருத்துவது என்பதும் புலனாகும்.

வேண்டிய சாதனங்கள்

16 கிகாபைற் நினைவகமுள்ள கணினி ஒன்று போதும். கிராபிக்ஸ் அட்டை இல்லாவிடினும் மாதிரி இயங்கும். ஆனால் விடை மெதுவாக வரும். மாதிரியை இயக்குவதற்கு ஒல்லாமா என்னும் மென்பொருளை இலவசமாகப் பெறலாம். 2025 இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட ஜெம்மா 3 பல மொழிகளில் பயிற்றப்பட்ட மாதிரியாகும். அதன் 12 பில்லியன் அளவு ஒல்லாமாவில் ஏறக்குறைய 8 கிகாபைற் இடங்கொள்ளும். ஒருமுறை இறக்கியபின் இணையம் இன்றியும் இவை தொழிற்படும். மின்தடைக்கு ஏற்ற மின்கல உபகரணமும் வேண்டும். இடி மின்னல் வேளையில் மின்வடத்தைக் கழற்றிவிடுக.

ஏடுகளை ஆயத்தஞ் செய்தல்

விடையின் தரம் ஏட்டின் தரத்தையே பெரிதும் பொறுத்தது. பழைய தமிழ்க் கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் உள்ளன. நமது கண்ணுக்கு அவை தமிழாயினும் கணினி அவற்றைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே வாசிக்கும். அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றிய பின்னரே கோவையில் இடுதல் வேண்டும். ஒவ்வோர் ஏட்டிலும் வெளியான ஆண்டைக் குறித்தல் அவசியம். புதியது வந்ததும் பழையதை நீக்குக.

கட்டளைத்தாள்

கட்டளைகள் சுருக்கமாக இருத்தல் நன்று. உதாரணமாக: "கோவையில் உள்ளதைக் கொண்டு மாத்திரம் விடை கூறு. ஏட்டின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடு. ஏட்டில் இல்லையாயின் இல்லை என்று சொல். அளவை ஏட்டிலுள்ள அலகிலேயே கூறு, நீயாக மாற்றாதே." அலகு மாற்றுவதைக் கணிப்பானில் மனிதரே செய்தல் வேண்டும்.

சோதித்தல்

அங்கத்தவருக்குக் கொடுக்குமுன் விடை தெரிந்த இருபது வினாக்களைக் கேட்டுப் பார்க்குக. அவற்றுள் விலக்கப்பட்ட மருந்து பற்றிய வினா ஒன்றும், கோவையில் விடையில்லாத வினா ஒன்றும் இருத்தல் வேண்டும். பின்னைய வினாவுக்கு "ஏட்டில் இல்லை" என்னும் விடை வராவிடின் கட்டளைத்தாளைத் திருத்தி மீண்டும் சோதிக்குக. புதிய ஏடு சேர்க்குந்தோறும் இச்சோதனையைச் செய்க.

கவனிக்க வேண்டியவை

• கணினியை அமைப்பின் வளவுக்குள் மாத்திரம் பயன்படுத்துக. இணையத்தின் வழியே பிறர் நுழையும்படி திறந்துவிடலாகாது.
• அங்கத்தவரின் காணி, கடன் விபரங்களைக் கோவைகளில் இடாதீர்.
• கோவைகளைப் பேணும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்குக.
• பீடைநாசினி பற்றிய விடையைப் போத்தலின் சுட்டுத்துண்டுடன் ஒப்பிடாது தெளிக்கலாகாது.

உதவியாளர் குழு ஏட்டை விரைவாகத் தேடித்தரும். வயலைச் சென்று பார்க்க மாட்டாது. இலையைப் புரட்டிப் பார்ப்பதும் வேரைப் பிடுங்கிப் பார்ப்பதும் கமக்காரரின் வேலையாகவே இருக்கும். ஐயம் நீங்காவிடின் நோயுற்ற செடியுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக. அல்லது 1920 என்னும் விவசாய ஆலோசனைச் சேவை இலக்கத்துடன் தொடர்பு கொள்க.