அந்த 'டிக் டிக்'கை ஆஃப் பண்ணாதீங்க பாஸ்!

கிளாஸ்ல லெக்சரர் வராத பீரியட்ல பெஞ்சைத் தட்டியே கச்சேரி நடத்துற கோஷ்டியா நீங்க? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான். பெஞ்சைத் தட்டின அதே விரல், இப்போ டிரம் மெஷின் பேடைத் தட்டுது. மெஷின் வாங்க காசு இல்லையா, லேப்டாப்பும் செல்போன் ஆப்பும் இருக்கவே இருக்கு. ரெகார்ட் பட்டனை அழுத்தினதும் 'டிக்... டிக்...'னு மெட்ரோனோம் ஆரம்பிக்குது. எக்ஸாம் ஹால் கடிகாரம் மாதிரி செம கடுப்பு! டக்குனு அதை ஆஃப் பண்ணிடுறீங்க. முன்ன பின்ன அடிச்சாலும் சரி பண்ணத்தான் குவாண்டைஸ் பட்டன் இருக்கேங்கிற தைரியம்.

சொதப்பல் ஆரம்பிக்கிறதே அங்கதான்.

மெட்ரோனோமை ஆஃப் பண்ணினா சத்தம்தான் நிக்கும். மெஷினுக்குள்ள ஓடுற கடிகாரம் நிக்காது. நீங்க தட்டுற ஒவ்வொரு அடியும் அந்தக் கடிகாரத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்றுதான் மெஷின் எழுதி வைக்கிறது. 1988-ல் வந்த அகாய் எம்.பி.சி. 60 என்ற மெஷின், ஒரு பீட்டை 96 துண்டுகளாகப் பிரித்துக் கணக்கு வைத்தது. நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு துண்டு சுமார் 5 மில்லி செகண்ட்தான். அவ்வளவு கறாரான கணக்குப்பிள்ளை! அவர் எண்ணுறது உங்க காதுல விழாமலேயே நீங்க தட்டினா, ரெண்டு பேரும் ரெண்டு ரூட்ல போவீங்க. முதல் ரெண்டு பார் ஓகேயா இருக்கும். அப்புறம் கை தானா வேகம் பிடிக்கும். லூப் திரும்பி வர்ற இடத்துல ஒரு விக்கல்!

"அதான் குவாண்டைஸ் இருக்கே?" இருக்கு. 1980-ல் வந்த எல்.எம்-1 என்ற டிரம் மெஷினிலேயே அந்த வசதி இருந்தது. அமெரிக்கரான ரோஜர் லின் உருவாக்கிய அதுதான், நிஜ டிரம்ஸ் சத்தத்தை டிஜிட்டலாகப் பதிந்து ஒலித்த முதல் டிரம் மெஷின். ஆனா குவாண்டைஸ் என்ன செய்யுதுன்னு பாருங்க. உங்க அடிக்குப் பக்கத்துல எந்தக் கட்டம் இருக்கோ, அதுக்கு இழுத்துட்டுப் போய் உட்கார வைக்கும். அவ்வளவுதான். உங்க மனசுல இருந்தது எந்தக் கட்டம்னு அதுக்குத் தெரியாது. 90 டெம்போவில் ஒரு பீட்டை நாலாகப் பிரித்தால் கட்டத்துக்குக் கட்டம் சுமார் 167 மில்லி செகண்ட். அதில் பாதி, அதாவது 83 மில்லி செகண்டைத் தாண்டி நீங்க விலகிட்டா, அடி அடுத்த கட்டத்துக்குத் தாவிடும். சின்ன தப்பு பெரிய தப்பாகி, பெர்ஃபெக்டா வேற உட்கார்ந்திருக்கும்!

"மெட்ரோனோம் வச்சு அடிச்சா ஃபீல் போயிடும்"னு சொல்ற ஃப்ரெண்ட் எல்லா கேங்லயும் ஒருத்தர் இருப்பார். அவர் தப்பான ஆளைப் பிடிச்சுத் திட்டுறார். ஃபீலைத் துடைச்சு எடுக்கிறது, எல்லா அடியையும் முழுசா குவாண்டைஸ் பண்ற பழக்கம். மெட்ரோனோம் உங்க அடியைத் தொடவே தொடாது. கோடு எங்கே இருக்குன்னு சொல்லும். கோட்டு மேல நிக்கிறதா, கொஞ்சம் தள்ளி நிக்கிறதாங்கிறது உங்க இஷ்டம்.

தள்ளி நின்னு ஜெயிச்சவர்தான் ஜே டில்லா. 1974-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த ஹிப்-ஹாப் தயாரிப்பாளர். அவர் பீட்டைக் கேட்டா கொஞ்சம் தள்ளாடுற மாதிரியே இருக்கும். ஆனா விழாது! குவாண்டைஸை ஆஃப் பண்ணிட்டு இஷ்டத்துக்குத் தட்டினார், அவ்வளவுதான் ரகசியம்னு ரொம்ப நாள் பேச்சு. 2022-ல் டான் சார்னாஸ் எழுதிய 'டில்லா டைம்' புத்தகம் அந்தப் பேச்சைத் திருத்தியது. எம்.பி.சி.யில் டைமிங்கை நகர்த்தும் வசதிகளை வைத்து, எந்தச் சத்தம் முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர் அவர். கோடு எங்கேன்னு தெரிஞ்சவராலதான் அப்படித் தள்ளி வைக்க முடியும். 2006 பிப்ரவரி 7-ல், அவருடைய 32-வது பிறந்த நாளில், 'டோனட்ஸ்' ஆல்பம் வெளிவந்தது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். அவர் தட்டிய எம்.பி.சி. இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, நீங்க என்ன செய்யணும்?

* ஒரு பார் கவுன்ட்-இன் வைங்க. நாலு 'டிக்' கேட்டு, தலை ஆட ஆரம்பிச்ச பிறகு கையை வைங்க.

* ப்ளூடூத் ஹெட்போனுக்கு டாட்டா சொல்லுங்க. சத்தம் லேட்டா வரும், பழி உங்க விரல் மேல விழும். வயர் வச்சதுதான் பெஸ்ட்.

* கஷ்டமான பீட்டா? 90-ல ஓட வேண்டியதை 70-ல ரெகார்ட் பண்ணிட்டு அப்புறம் டெம்போவை ஏத்துங்க. மெஷின் எழுதி வைக்கிறது இடத்தைத்தான், அதனால சத்தம் கீச்சுன்னு மாறாது.

* எல்லாத்தையும் ஒரே மூச்சுல அடிக்காதீங்க. 2 பார் லூப்ல முதல்ல ஹை-ஹாட், அடுத்து கிக், கடைசியா ஸ்நேர். ஹை-ஹாட் நல்லா உட்கார்ந்துட்டா இனி அதுவே உங்க மெட்ரோனோம். இப்போ 'டிக்'கை நிறுத்தலாம், தப்பில்லை!

* குவாண்டைஸை ஆஃப்ல வச்சே ரெகார்ட் பண்ணுங்க. கேட்டுப் பார்த்து, நிஜமாவே உறுத்துற அடியை மட்டும் நகர்த்துங்க. மொத்தமா நேராக்கினாலும் ஸ்விங் வசதியைத் தொட்டுப் பாருங்க. 50 சதவீதம்னா நேர் நடை. 90 டெம்போவில் 54 வைத்தால், ரெண்டாவது கட்டத்து அடி 13 மில்லி செகண்ட் தாமதமாகும். அந்தத் துளியிலேயே பீட் இடுப்பை ஆட்டும்!

தினம் 10 நிமிஷம் போதும். மெட்ரோனோம் ஆப்பை 45-ல ஓட விட்டு, அந்த 'டிக்'கை ரெண்டாவது, நாலாவது பீட்டா நினைச்சு, 90 வேகத்துல தட்டுங்க. முதல் வாரம் கடுப்பாத்தான் இருக்கும். ஒருநாள் உங்க அடியும் 'டிக்'கும் சரியா ஒண்ணா விழும்போது அந்த 'டிக்' காதுல கேட்காமலே போகும். அன்னைக்குத்தான் டைம் உங்க கைக்கு வந்திருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல முந்துங்க, பிந்துங்க, தள்ளாடுங்க... யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. ஸ்டைலுன்னு சொல்வாங்க!