சில்லறைச் சத்தத்தில் ஒரு பாட்டு

பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் 1973 மார்ச்சில் வெளிவந்தது. பதிவானது லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில். அதில் 'மணி' (பணம்) என்ற பாட்டு, சில்லறை குலுங்கும் சத்தத்தோடு தொடங்கும். கணினியில் ஒலியைத் தொகுக்காத காலம். காசு, கிழியும் காகிதம், கல்லாப்பெட்டி என்று தனித்தனியாகப் பதிவுசெய்து, ஒலிநாடாவை அளவுகோல் வைத்து வெட்டி ஒட்டினார்கள். தாளமும் லேசானதல்ல, நம் மிஸ்ர சாபு போல ஏழு எண்ணிக்கை!

இதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டில் சொல்லே இல்லாமல் உருகிப் பாடிய பாடகி கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. நீதிமன்றம் போய், 2005இல்தான் இணை இசையமைப்பாளர் என்ற உரிமை கிடைத்தது. தாமதமானாலும் நியாயம்தான்.

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இந்த ஆல்பம் முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். ஆனால் 1988 வரை, மொத்தம் 741 வாரங்கள் அந்தப் பட்டியலில் இடம்பிடித்திருந்தது.