நுண்கட்டுப்படுத்திவழி மேடை ஒளிக் கட்டுப்பாடு: டி.எம்.எக்ஸ். 512 நெறிமுறையில் முறிவுக் குறி

மேடை விளக்குகளை இயக்கும் டி.எம்.எக்ஸ். 512 நெறிமுறை, அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப நிறுவனத்தால் 1986இல் வகுக்கப்பெற்றது. அதன் மின்னியல் அடித்தளம் ஆர்.எஸ். 485 என்னும் தொடர்நிலை இணைப்பாகும். எனவே, ஆர்டுயினோ ஊனோ பலகையின் தொடர்முனையை மேக்ஸ் 485 சில்லின் வழியாக முறுக்கிணைக் கம்பியோடு இணைத்தல் எளிது. வேகத்திலும் இடரில்லை, 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 64ஆல் வகுத்தால் விநாடிக்கு 2,50,000 பிட் பிசகின்றிக் கிடைக்கிறது.

இடர், தொகுதியின் தொடக்கத்தை உணர்த்தும் முறிவுக் குறியில் உள்ளது. அனுப்பும் கருவி, கம்பியைக் குறைந்தது 92 மைக்ரோவிநாடி தாழ்நிலையில் வைத்தல் வேண்டும். இவ்வேகத்தில் சுழியம் என்னும் பைட் தரும் தாழ்நிலையோ 36 மைக்ரோவிநாடி மட்டுமே. வேகத்தைச் சற்றுநேரம் 83,333 பிட்டாகக் குறைத்துச் சுழியத்தை அனுப்பினால், 108 மைக்ரோவிநாடித் தாழ்நிலையும், இரு நிறுத்தப் பிட்டுகளால் 24 மைக்ரோவிநாடி உயர்நிலையும் அமைகின்றன. அந்தப் பைட் முழுவதும் வெளியேறிய பின்னரே வேகத்தை மீட்டல் வேண்டும். முந்தினால் குறி சிதையும். நிரலில் பெரிதும் கவனிக்கத்தக்க இடம் இதுவே.

அதன்பின் தொடக்கக் குறியீடும் 512 தடங்களின் மதிப்புகளும் செல்கின்றன. ஒரு பைட்டுக்கு 44 மைக்ரோவிநாடி என்பதால், முழுத் தொகுதி விநாடிக்கு ஏறத்தாழ 44 முறை புதுப்பிக்கப்பெறும். கம்பியின் கடைசி முனையில் 120 ஓம் மின்தடை தேவை. ஆய்வகத்தின் குறுங்கம்பியில் இது இல்லாமலும் விளக்கெரியும். அரங்கின் நெடுங்கம்பியில் எதிரொளிப்பு குறியைக் கெடுக்கக்கூடும்.

இந்நெறிமுறையில் பிழையறியும் ஏற்பாடு இல்லை. ஒரு மதிப்புத் திரிந்தால் அடுத்த தொகுதி அதனைத் திருத்திவிடும். விளக்குக்கு அது போதும். வெடித்த வாணமும் விழுந்த மேடைப்பொறியும் திருத்தத்துக்கு உட்படா. ஆகவே அவற்றை இக்கம்பியில் இணைத்தலாகாது.