முதல்ல பிரேக்... அப்புறம்தான் பிக்கப்!

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் செங்கோட்டை ரோட்டில் கார்களின் அணிவகுப்புதான். அதில் ஒன்றிரண்டு, உருவம் தெரியும் முன்பே சத்தத்தால் 'உள்ளேன் ஐயா' சொல்லும். உங்க காரையும் அப்படி மாத்தணும்னு கை பரபரக்குதா பாஸ்? ஒரு நிமிஷம்... என் நண்பன் கதையைக் கேட்டுட்டுப் போங்க!

அப்பாவின் பழைய மாருதி 800. சேர்த்து வைத்த காசில் பயல் முதலில் மாட்டியது தடிமனான சைலன்ஸர். 796 சி.சி. இன்ஜின் புலி மாதிரி உறுமியது. வேகம்? அதே பழைய வேகம்தான்! பிரானூர் பார்டரில் புரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஆரியங்காவு வரை ஒரு ரவுண்ட். திரும்பும்போது புளியரை 'எஸ்' வளைவு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால்... பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது! எதிரே லோடு லாரி. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெள்ள மெள்ள இழுத்து ஓரங்கட்டினான். பின்சீட்டில் இருந்த எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

''ஓட வைக்க செலவு பண்ணியிருக்கே... நிக்க வைக்கப் பண்ணலையே தம்பி!'' என்றார் மெக்கானிக் அண்ணன்.

விஷயம் இதுதான். பிரேக் ஆயில் நாளாக நாளாக ஈரத்தை உறிஞ்சும். புது 'டாட் 3' ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவே 140தான். மலை இறக்கத்தில் விடாமல் மிதித்தால், சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும். நம்ம மிதி முழுக்க அந்த ஆவியை அமுக்குவதிலேயே காலி!

அதனால வரிசையை மாத்துங்க:

பிரேக்: நல்ல பேட், 'டாட் 4' ஆயில் (230 டிகிரி, ஈரம் ஏறினால் 155). இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாத்திடுங்க. இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியர்தான் உங்க முதல் பிரேக்!

டயர்: அகலம் கூடினாலும் மொத்த உயரம் மாறக் கூடாது. 165/80 ஆர் 14 டயரின் உயரம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர் 15 என்றால் 622. ஓகே! வித்தியாசம் அதிகமானால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். மேனுவலில் அந்த சைஸ் இருக்கான்னும் பாருங்க.

சஸ்பென்ஷன்: தேய்ந்த புஷ், ஷாக் அப்சார்பரை மாத்தினாலே பாதி கார் புதுசு.

பவர்: இது கடைசி. டர்போ இன்ஜினில் ரீமேப் செய்தால் வித்தியாசம் தெரியும். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினில் பர்ஸ்தான் இளைக்கும். வாரன்ட்டிக்கும் டாட்டா!

சட்டத்தையும் மறக்காதீங்க. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டும்!

வேகம்தான் வேணுமா? கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு. அந்த கரிவரதன் 'ஃபார்முலா மாருதி' ரேஸ் காரை உருவாக்கியது இதே மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான். அதில் ஓட்ட ஆரம்பித்த நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார்!

நம்ம நண்பன்? பழைய சைலன்ஸரையே திரும்ப மாட்டிட்டான். புது பேட், புது ஆயில். கார் இப்போ சத்தமே போடுறதில்லை. ஆனா, அவங்க அம்மா தைரியமா முன்சீட்டில் உட்கார்றாங்க!