கோடு போடும் கையும் கல் சுமக்கும் கையும்: பள்ளியில் வரைகலைப் பாடம் ஏன் சமூகநீதிக் கேள்வி?

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயில் பாதையை வரைபடங்களால் பிழைக்கும் பாதை என்றே சொல்லலாம். 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் ஒவ்வொரு உதிரிப் பாகமும் ஒரு வரைபடத்தைப் பார்த்தே கடையப்படுகிறது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். பட்டாபிராமில் 2024-இல் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அங்கிருந்து இரண்டு நிறுத்தங்கள் தள்ளித் திருநின்றவூர். அங்கு மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு வரையிலும் சரி, அதன் பின் மேல்நிலைப் பொதுப் பாடப்பிரிவிலும் சரி, வரைகலையை ஒரு தேர்வுப் பாடமாகக் கற்க வழியில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வரைகலைத் தொடர்பியல் என்பது ஒரு பொருளை, கட்டடத்தை அல்லது செய்தியைச் சொற்களின்றி, அளவு பிசகாமல் பிறருக்கு உணர்த்தும் கல்வி. ஒரு பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைவது, வெட்டுத்தோற்றம், முப்பரிமாணப் படம், கணினிவழி வடிவமைப்பு, அச்சுப் பக்கத்தின் அமைப்பு ஆகியவை இதில் அடங்கும். ஸ்காட்லாந்தில் இதே பெயரில் உயர்நிலைப் பள்ளிப் பாடம் உள்ளது. இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 11, 12-ஆம் வகுப்புகளுக்குப் பொறியியல் வரைகலையை விருப்பப் பாடமாக வைத்திருக்கிறது.

சட்டம் திறந்த கதவு, பாடம் மூடிய கதவு

சமச்சீர் கல்வி வழக்கில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாநிலத்தின் பள்ளிகளைப் பொதுப் பாடத்திட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அது பெரும் வெற்றி. ஆயினும் பொதுப் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கும் பாடங்களில் சமத்துவமின்மை அப்படியே நீடிக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஓவிய வகுப்புக்குச் செல்கிறது. கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா தேர்வுக்குத் தனியார் பயிற்சி பெறுகிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அந்தத் தேர்வின் பெயர்கூட எட்டுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டம் இயற்றி, அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு வழங்கியது. அவ்வழியே கல்லூரியில் நுழையும் முதல் தலைமுறை மாணவர் முதலாம் ஆண்டிலேயே பொறியியல் வரைகலையைச் சந்திக்கிறார். வரைபலகையையும் டிராஃப்டரையும் அதுவரை தொட்டிராத அவர், முன்பே பழகியவர்களோடு ஒரே வினாத்தாளை எழுதுகிறார். அதில் தவறினால் அரியர். அரியர் இருந்தால் வளாக நேர்காணலில் வாய்ப்புக் குறையும். சேர்க்கையில் வழங்கப்பட்ட நீதி வகுப்பறையில் இப்படித்தான் கரைகிறது. பின்னர் அதையே ‘தகுதிக் குறைவு’ என்று பெயரிட்டு இடஒதுக்கீட்டின் மீது பழி சுமத்துவோருக்கும் பஞ்சமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் கலைக் கல்வி, உடற்கல்வி, பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும். இதன் அடிப்படையில் தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்களுக்கு நியமனம் நடந்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் ஊதியம். ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்ந்தபோதும், பணி நிரந்தரம் கோரி அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றனர். ஆசிரியரையே அரைநாள் கூலியாக நடத்தும் அமைப்பில் அவர் கற்பிக்கும் பாடத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்?

எட்டாம் வகுப்போடு இச்சட்டத்தின் கடப்பாடு முடிகிறது. அதன் பின் நமக்குத் துணை நிற்பது அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆவது கூறு. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலனைத் தனி அக்கறையுடன் பேண வேண்டும் என்று அது அரசைப் பணிக்கிறது. அது நேரடியாக நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கோரத்தக்கதன்று. எனினும், அரசின் கொள்கையை அளக்கும் அளவுகோலாக அதை முன்வைக்கலாம்.

இது குலக்கல்வியா?

பணிக் கல்வி என்றதும் நம்மவர்க்கு எழும் ஐயம் நியாயமானது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலைக் கற்க அனுப்பியது. கடும் எதிர்ப்புக்குப் பின், காமராசர் முதல்வரான 1954-இல் அது கைவிடப்பட்டது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்காததும் இந்த வரலாற்று நினைவால்தான்.

ஆனால் வரைகலை எதிர்த்திசையில் செல்லும் கல்வி. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே மேல்கீழாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் விளக்கினார். கட்டுமானத் தளத்தில் இது கண்கூடு. கல்லும் மணலும் சுமப்பவர் பெரும்பாலும் நம் மக்கள். வரைபடத்தை விரித்துக் கைகாட்டுபவர் வேறொருவர். சித்தாளின் மகள் அந்த வரைபடத்தை வரையக் கற்பது குலத்தொழிலைத் தொடர்வதாகாது, அதை உடைப்பதாகும். எந்தப் பாடத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். மாணவர் தாமே தேர்ந்தெடுக்கிறாரா? அது உயர்கல்விக்கு இட்டுச் செல்கிறதா? எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக உள்ளதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது குலக்கல்வி அன்று.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும். இரண்டாவதாக, மேல்நிலை வகுப்புகளில் வரைகலை விருப்பப் பாடமாக, தமிழ் வழியிலும் அமைய வேண்டும். மூன்றாவதாக, வரைகருவிகள் விலையில்லாப் பொருட்களின் பட்டியலில் சேர வேண்டும். நான்காவதாக, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்வோருக்குக் கல்லூரி தொடங்குமுன் இணைப்புப் பயிற்சி வேண்டும்.

இவற்றுக்காகத் தலைமைச் செயலகம் வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகள், பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை அளிக்கின்றன. திருநின்றவூரிலோ வேறெங்கோ, அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, ‘நம்ம பள்ளியில டிராயிங் டீச்சர் இருக்காங்களா? வாரத்துக்கு எத்தனை நாள் வர்றாங்க?’ என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்வது அவரது உரிமை. விடை வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அதையே மனுவாக்கலாம்.